இருபத்தைந்தில் ஒரு பங்கு

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கூரம். வைணவர்களுக்கு அது கூரத்தாழ்வான் பிறந்த ஊர். கல்வெட்டும் செப்பேடும் படிப்பவர்களுக்கு வேறொரு காரணத்தால் தெரிந்த பெயர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு கிடைத்தது அங்கேதான். ஏழு ஏடுகள், வடமொழியும் தமிழும் கலந்தது. சாளுக்கிய விக்கிரமாதித்தனோடு நடந்த போரை அது வர்ணிக்கும் பகுதியைத்தான் வரலாற்றுப் புத்தகங்கள் அதிகம் எடுத்தாளும். போரெல்லாம் முடிந்த பிறகு வரும் கணக்கு வழக்குப் பகுதிதான் இன்றைக்கு நமக்கு அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

கூரத்தில் ஒரு சிவன் கோயில். ஒரு மண்டபம். பரமேசுவர தடாகம் என்று ஓர் ஏரி. அந்த ஏரிக்குப் பாலாற்றுத் தண்ணீரைக் கொண்டுவர, பெரும்பிடுகு என்று பெயரிட்ட கால்வாய். இத்தனையும் சொல்லிவிட்டு, பரமேசுவரமங்கலம் என்னும் ஊரை 25 பங்காகப் பிரிக்கிறது செப்பேடு. மூன்று பங்கு, கோயில் பூசைக்கும் பழுது பார்ப்பதற்கும். ஒரு பங்கு, மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் கொடுப்பதற்கு. ஒரு பங்கு, அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு. மீதி இருபதும் நான்கு வேதம் கற்ற இருபது பேருக்கு.

இதில் புதுமை எது என்று கேட்டால் பலரும் கால்வாயைத்தான் காட்டுவார்கள். தப்பில்லை. வானத்தை மட்டும் நம்பாமல் ஏரிக்கு ஆற்றுத் தண்ணீர் வருவது பெரிய காரியம். ஆனால் எனக்கு அந்த இரண்டு ஒற்றைப் பங்குகள்தான் கண்ணில் நிற்கின்றன. மண்டபம் கட்டி முடித்த மறுநாள் அங்கே யார் தண்ணீர் எடுத்து வைப்பது, யார் விளக்குக்கு நெருப்புக் கொடுப்பது, எழுத்துத் தெரியாதவர் காதிலும் விழும்படி யார் வாசிப்பது என்று ஒருவர் யோசித்திருக்கிறார். யோசித்ததோடு விடாமல் அதற்கு நிலத்தையும் எழுதி வைத்திருக்கிறார். கட்டடத்துக்குச் செலவு ஒரு தடவைதான். வாசிக்கிறவருக்கு ஆண்டாண்டுக்கும் சோறு வேண்டும்.

புதுமை மனித மேம்பாட்டுக்கு உதவும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். புதுமை என்றதும் செயலி, ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று பட்டியல் நீள்கிறது. மேம்பாடு என்றதும் வருமானக் கணக்கு வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பாதை எது என்பதை யாரும் நின்று விளக்குவதில்லை. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

எதில் சமத்துவம் வேண்டும் என்று 1979-இல் ஓர் உரையில் கேட்டார் அமர்த்தியா சென். எல்லோருக்கும் ஒரே அளவு பொருள் கிடைத்தால் போதுமா? போதாது என்றார். ஒருவர் கையில் என்ன இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அதை வைத்துக்கொண்டு அவரால் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு அவர் எடுத்துக்காட்டிய பொருள்களில் ஒன்று சைக்கிள். சைக்கிள் ஒரு பொருள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக முடிவது ஒரு திறன். கால் ஊனமானவருக்கு அதே சைக்கிள் அந்தத் திறனைத் தராது. சென்னின் நண்பர், பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், இந்த எண்ணத்தை எளிமைப்படுத்தி, ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கும் மனித மேம்பாட்டுக் குறியீட்டை 1990-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கையில் கொண்டுவந்தார்.

சைக்கிளை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது, சைக்கிள் ஓட்டவும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியர். சைக்கிள் அந்த ஊர்களுக்குப் புதிதல்ல. வீட்டுத் திண்ணையில் அண்ணன் சைக்கிளோ கணவர் சைக்கிளோ சாத்தித்தான் இருந்திருக்கும். பெண் ஏறி மிதிக்கலாம் என்று ஊரே சேர்ந்து ஒப்புக்கொண்டதுதான் புதுமை. கிணற்றுக்கும் வேலைக்கும் வகுப்புக்கும் யார் துணையும் இல்லாமல் பல்லாயிரம் பெண்கள் போய் வந்தார்கள். பிற்பாடு தமிழ்நாடு அரசே பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தபோது, அதை வாங்கி ஓட்டுவதற்குத் தடை சொல்ல ஆளில்லாமல் போனதில் புதுக்கோட்டைக்கும் ஒரு பங்கு உண்டு.

காஞ்சிபுரத்துக்கே வருவோம். இந்த மாவட்டத்தில் புதுமையும் மனிதத் திறனும் ஒன்றோடொன்று மோதிய இடம் என்றால் அது தறிதான்.

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தறியிலேயே, இழுத்தாலும் பிரியாதபடி கோர்த்து நெய்வது கோர்வை. அதற்கு, குறுக்கு நூலான ஊடையை ஓட்டும் நாடா மூன்று வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர் உடலையும் ஒரு பக்கக் கரையையும் பார்த்துக்கொள்வார். மறுபக்கக் கரையில் ஒரு துணையாள் உட்கார வேண்டும். உடல் ஊடை வந்து சேரும் நொடியில் கரை நாடாவைத் தள்ளி, இரண்டு ஊடையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டதா என்று பார்த்து, பிறகு பலகை அடிக்க விட வேண்டும். ஒரு மாட்டல் தவறினால் அந்த இடத்தில் சேலையில் ஓட்டை. ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான தடவை.

அந்தத் துணையாள் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரு குழந்தை. கூலி குறைவு, விரல் சின்னது, சொன்னதைக் கேட்கும். குழந்தையின் வீட்டார் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அந்தக் கடன் தீரும்வரை குழந்தை எழுந்து போகவும் முடியாது. பத்து வயதில் தறியில் உட்கார்ந்து, பள்ளிக்கூட மணியைக் காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் காஞ்சிபுரத்தைச் சுற்றி இன்றும் நடு வயதில் இருக்கிறார்கள்.

இதே தறிக்கு ஜக்கார்டு என்னும் புதுமை வந்தது. அதற்கு முன்னால் ‘அடை’ முறை. புட்டாவும் கரைப்பூவும் எழும்ப, தறிக்கு மேலே கட்டிய நூல்களை வரிசை தப்பாமல் ஒருவர் இழுத்துக் கொடுத்தபடியே இருக்க வேண்டும். துளையிட்ட அட்டை அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பிரான்ஸின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் இதை உருவாக்கியபோது, அங்கும் அதுவரை நூல் இழுத்துக் கொண்டிருந்தவர்களில் சிறுவர்கள் உண்டு. துளையுள்ள இடத்தில் நூல் எழும், துளையில்லாத இடத்தில் எழாது என்ற அந்த எளிய விதியிலிருந்துதான் பிற்காலத்துக் கணினிக்கான துளை அட்டைகளும் வந்தன. அத்தனை பெரிய கண்டுபிடிப்பு. ஆனாலும் காஞ்சிபுரத்தில் அடை இழுக்கும் ஆளைத்தான் அது எழுப்பிவிட்டது. கரை நாடா தள்ளும் பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஜக்கார்டு வடிவத்தை வேகப்படுத்தியது; கோர்வையைத் தொடவில்லை.

பிள்ளையைத் தறியிலிருந்து எழுப்பியவை வேறு. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள். வீடு வீடாகப் போய்ப் பேசிய தொண்டு நிறுவனங்கள். திருப்பெரும்புதூர்ப் பக்கம் வந்த தொழிற்சாலைகளில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த மாதச் சம்பளம். இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றில்லாமல் மற்றொன்று நின்றிருக்காது என்று மட்டும் சொல்லலாம். சட்டம் பிள்ளையைத் தறியிலிருந்து எழுப்பும்; மதியம் சோறு இருந்தால்தான் பள்ளியில் உட்கார வைக்க முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இடம் காலியாகவில்லை. பல வீடுகளில் இப்போது அங்கே உட்கார்ந்திருப்பவர் நெசவாளரின் மனைவி. சமையல் முடித்து, தண்ணீர் பிடித்து, பிறகு தறி. சேலைக்கு ஒரே கூலி, அது கணவர் பெயரில். மனைவியின் உழைப்பு எந்தப் புத்தகத்திலும் தனி வரியாக வராது. கோர்வையை ஒருவராகவே நெய்ய ஒரு கருவி வந்துவிட்டது என்று நாளைக்கு ஒரு செய்தி வரலாம். வந்தால் நல்லதுதான். அப்போது கேட்க வேண்டியது, ஒரு நாளைக்கு எத்தனை சேலை கூடும் என்பதோடு, அந்தப் பெண்ணுக்கு மிஞ்சும் பொழுது யாருடையது என்பதும்தான்.

கூரத்தாழ்வான் சோழன் அவையில் கண்ணிழந்தார் என்று வைணவ குருபரம்பரைக் கதைகள் சொல்லும். இன்று கண் மங்குவதற்கு அரசன் கோபம் தேவையில்லை, வயதே போதும். கண்புரைதான் நம் கிராமங்களில் முதியவர்களின் பார்வையைப் பறிக்கும் முதல் காரணம். புதுமை எப்படித் திறனாகிறது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான கதை தமிழ்நாட்டில் இல்லை.

1976-இல் மதுரையில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் கண்புரை அறுவை என்றால் மங்கிய வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருட்டு நிலை. கண்ணுக்குள்ளேயே பொருத்தும் செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை நூறு டாலர் அளவில். 1992-இல் ஆரோலேப் என்ற பிரிவைத் தொடங்கி அவர்களே வில்லை செய்தார்கள். காலப்போக்கில் விலை பத்து டாலருக்கும் கீழே வந்தது.

விலை குறைந்ததும் கதை முடிந்துவிட்டதாகப் பலர் எழுதுவார்கள். இல்லை. அதற்கு முன்பிருந்தே இலவச முகாம்கள் நடந்தன. அறுவைக்குக் காசு கிடையாது. அப்படியும் பார்வை போனவர்களில் பலர் வரவில்லை. ஏன் என்று போய்க் கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசு இல்லை. கூட வர ஆள் இல்லை, மகனுக்கு ஒரு நாள் கூலி போகும். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மாட்டை யார் பார்ப்பது? கத்தி வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடுமோ? இலவசம் என்ற சொல்லுக்குள் இத்தனை செலவு ஒளிந்திருந்தது. பிறகுதான் முகாமிலேயே தேர்ந்தெடுத்து, பஸ்ஸில் ஏற்றிப் போய், சாப்பாடு போட்டு, அறுவை முடித்து, ஊரில் கொண்டுவந்து விடும் வழக்கம் வந்தது. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே பஸ்ஸில் போவதால் பயமும் பாதி குறைந்தது. வில்லை ஒரு பொறியியல் சாதனை. அந்த பஸ் இல்லாவிட்டால் அது அலமாரியிலேயே இருந்திருக்கும்.

அங்கே இன்னொன்றும் நடந்தது. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்தார்கள். பார்வை சோதிப்பது, அறுவைக்கு ஆயத்தம் செய்வது, நோயாளியோடு பேசுவது எல்லாம் அவர்கள் கையில். டாக்டர் அறுவையை மட்டும் பார்த்தால் போதும் என்பதால் ஒரு நாளில் செய்யும் அறுவைகள் பல மடங்கு கூடின. பாட்டிக்குப் பார்வை திரும்பியது ஒரு திறன். அந்தப் பெண்ணுக்குக் கையில் ஒரு தொழில் வந்தது இன்னொன்று. ஒரு புதுமையைப் பாராட்டும்போது இப்படி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பாராட்டுவது நல்லது.

எதிர்மாறாகவும் நடக்கும். ரேஷன் கடையில் விரல் ரேகைக் கருவி வந்தபோது போலி அட்டைகளைத் தடுக்கும் என்றார்கள். தடுத்திருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டு நாற்று நட்ட விரலிலும், கல் உடைத்த விரலிலும் ரேகை தேய்ந்திருக்கும். பாட்டி முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார், கருவி பிடிக்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. உழைத்து உழைத்துத் தேய்ந்ததே ஒருவருக்குக் குற்றமாகிவிட்டது. கண்ணின் கருவிழியைப் பதிவு செய்யும் வசதி பிறகு வந்தது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025-இல் வந்தது. நல்ல திருத்தங்கள்தான். கருவி வாங்கிய அன்றே இந்த விரல்கள் நினைவுக்கு வந்திருக்கலாம்.

புதுமை திறனாகாமல் போவதைக் கொஞ்சம் பெரிய அளவில் திருப்பெரும்புதூரில் பார்த்தோம். 2006-இல் அங்கே நோக்கியா ஆலை திறந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் கம்பெனி பஸ்ஸில் போய்க் கைப்பேசி பூட்டினார்கள். வீட்டில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு வந்தது, கல்யாணம் சில ஆண்டு தள்ளிப்போனது. இதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. உலகத்தின் மிகப் புதிய பொருளைத் தினமும் தொட்டவர்கள் கையில், ஒரு திருகாணியை மட்டும் எட்டு மணி நேரம் முடுக்கத் தெரிந்த பழக்கம்தான் மிஞ்சியது. புதுமைக்குப் பக்கத்தில் நிற்பதும் புதுமையால் வளர்வதும் ஒன்றல்ல. இன்று ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் விடியற்காலையில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறும் பெண்களுக்கு வேலைக்கு நடுவே ஒரு பட்டயப் படிப்போ, வேறு ஆலைக்கும் செல்லுபடியாகும் சான்றிதழோ தரவேண்டும் என்று நிறுவனங்களிடம் அரசு கேட்க வேண்டும். சலுகை விலையில் நிலமும் மின்சாரமும் கொடுக்கும் இடத்தில் இதைக் கேட்கும் உரிமை நிச்சயம் உண்டு.

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அந்த முறையைச் சொல்கின்றன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்க வைத்து ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றம். ஏற்கனவே பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இதைப் பெருமையாகச் சொல்லும்போது ஏரி வாரியம் என்று தனியாக ஒன்று இருந்ததை மறந்துவிடுகிறோம். ஏரியை வெட்டுவது ஒரு தலைமுறை வேலை. கரையைப் பார்த்து, மதகைப் பார்த்து, தூர் எடுப்பது எல்லாத் தலைமுறைக்கும் வேலை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெருமையோடு நின்றுவிடவும் கூடாது. அந்த ஓலையில் பெயர் வர நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். பெண் பெயர் வராது. ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவர் பெயரும் வராது. கூரத்துச் செப்பேட்டிலும் இருபத்தைந்தில் இருபது பங்கு யாருக்குப் போனது என்று பார்த்தோம். கால்வாய் வெட்டியவர்களுக்கு ஒரு பங்குகூட எழுதப்படவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய புதுமைகள் சிலருடைய திறனைத்தான் வளர்த்தன. அந்த விஷயத்தில் நம் காலம் நிச்சயமாக முன்னேறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2016 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 2021 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஊராட்சிகளுக்கு அப்படித்தான் தேர்தல் நடந்தது. யார் பெயர் குடத்தில் விழலாம் என்பதை நாம் சரி செய்துவிட்டோம். பராமரிப்புக்குப் பங்கு எழுதுவதில்தான் அவர்களைவிடப் பின்தங்கி நிற்கிறோம்.

நம் ஊர்களைச் சுற்றிப் பாருங்கள். நாடா வெட்டித் திறந்த குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம், வடிகட்டி மாற்றக் காசில்லாமல் பூட்டிக் கிடக்கும். சூரிய விளக்குக் கம்பத்தில் பேட்டரி போய் மூன்று மழைக்காலம் ஆகியிருக்கும். பள்ளிக்கூடத்தின் ஸ்மார்ட் வகுப்பறைத் திரை, அதைப் போடத் தெரிந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் துணி போர்த்திக்கொள்ளும். இதற்கு மாறாக நிற்பவற்றைக் கவனித்தால் எல்லாவற்றிலும் ஓர் ஆள் இருப்பார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் பெண் தன்னார்வலர். 2022 முதல் நடக்கும் காலை உணவுத் திட்டத்தில் விடியும் முன் அடுப்புப் பற்றவைக்கும் மகளிர் குழு உறுப்பினர். மாத்திரையும் உப்புமாவும் புதுமை அல்ல. நாள் தவறாமல் ஒருவர் வருவதற்கு அரசு செலவுக் கணக்கில் இடம் கொடுத்ததுதான் புதுமை. அந்த இடமும் போதாது. இவர்களுக்குத் தரும் ஊக்கத்தொகை உழைப்புக்கு ஏற்றதாக இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ஊருக்கு வரும் எந்தப் புதிய கருவிக்கும் திட்டத்துக்கும் தீர்மானத்தில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். இதை இயக்கப் போகிறவர் யார்? அவருக்கு ஆண்டுதோறும் சம்பளம் எந்த நிதியிலிருந்து? ஊரில் இதைப் பயன்படுத்த முடியாதவர்கள் யார், அவர்களுக்கு என்ன வழி? இந்த மூன்றுக்கும் விடை எழுதாத எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.